முப்பத்தெட்டாம் பிரிவில் தாத்தா

எவரிஸ்டோ எழுந்தான். தண்ணீர் கொதிக்க வைத்தான். குவளையில் காப்பித் தூளைப் போட்டு மேலே தண்ணீரை ஊற்றினான். தூள் அடியில் தங்கும்வரை நின்றான். நேற்று வாங்கிய ரொட்டியை அதில் தோய்த்துத் தின்றான். கொல்லையில் பன்றிக்குப் பழைய சோற்றையும் பப்பாளித் தண்டையும் போட்டான். பன்றி தின்றது. குளித்தான். கறுப்புச் சட்டைகளில் காய்ந்திருந்த ஒன்றைப் போட்டுக்கொண்டான். கதவைப் பூட்டினான். வேன் வந்தது. ஏறினான். கடற்கரைச் சாலை திரும்பியதும் நாணயத்தால் கம்பியைத் தட்டினான். வேன் நின்றது. இறங்கினான்.

மனைவி நத்தாலியா இறந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. வருஷம் முடிந்தால் துக்கத்துக்குப் போட்ட கறுப்பை அவிழ்க்க வேண்டும். அதற்கு ஊரைக் கூட்டி விருந்து வைப்பார்கள், ஆட்டம் போடுவார்கள். மாமனார் இரண்டு முறை நாள் குறித்தார். இரண்டு முறையும் "மசோதா முடியட்டும் மாமா" என்று சொல்லிவிட்டான். சாக்குத்தான், ஆனால் பொய் இல்லை. அந்த வருஷத்தில் அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த மசோதா.

நாடாளுமன்றத்தில் அவன் மொழிபெயர்ப்பாளன். தலைநகர் டிலியில் சட்டங்களைப் போர்த்துகீசிய மொழியில் எழுதுகிறார்கள். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அது பாதிதான் புரியும். அதனால் எல்லாரும் பேசும் தெத்துன் மொழியில் ஒரு பிரதி வேண்டும். குழுவில் அதைத்தான் வாசிப்பார்கள், அதை வைத்துத்தான் சண்டை போடுவார்கள். இயற்கைப் பாதுகாப்பு மசோதாவில் நூறு பிரிவுகளுக்கு மேல். காடு, சதுப்பு, பவளப் பாறை, கிளி, ஆமை, காட்டுத் தேன். ஒவ்வொன்றையும் எவரிஸ்டோ தெத்துனுக்குக் கொண்டுவந்திருந்தான். ஆமைப் பிரிவை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதினான். கிளிப் பிரிவு வந்தபோது நத்தாலியா இல்லை.

இன்றோடு குழுக்களின் வேலை முடிகிறது. குழு ஒப்புக்கொண்டால் மசோதா பிற்பகல் சபைக்குப் போகும். இல்லாவிட்டால் தேர்தல் வரும், புதிய சபை வரும், மசோதா குப்பைக்குப் போகும். எல்லாம் முதலிலிருந்து. அந்த 'முதலிலிருந்து' என்ற வார்த்தையைத்தான் எவரிஸ்டோவால் தாங்க முடியவில்லை.

முட்டுக்கட்டை முப்பத்தெட்டாம் பிரிவில் இருந்தது. சரியாகச் சொன்னால், அந்தப் பிரிவில் வரும் ஒரு பெயரில் இருந்தது.

முதலை என்று எழுதலாம். வாய்விட்டுச் சொல்லத்தான் கூடாது. நாட்டில் யாருமே அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தாத்தா என்பார்கள். நகரத்தில் வளர்ந்தவர்கள் ஏதாவது ஒரு வேகத்தில் பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். கிழக்குப் பக்கத்துக்காரர்களிடம் அதெல்லாம் நடக்காது. குழுவில் மூத்தவரான அனக்லேத்து கிழக்குக் கோடியில் பிறந்தவர். அவர் குலத்துக்கே மூதாதை அந்தத் தாத்தாதான்.

விதிப்படி ஒவ்வொரு பிரிவையும் உரக்க வாசித்தாக வேண்டும். முதல் தடவை முப்பத்தெட்டாம் பிரிவை வாசித்தபோது, பெயர் காதில் விழுந்ததும் அனக்லேத்து வெற்றிலைப் பெட்டியை மூடினார், எழுந்தார், வெளியே போய்விட்டார். அவர் போனதும் தலை குறைந்தது. நாலு பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். கூட்டம் கலைந்தது. மழைக்காலத்தில் மறுபடி கூடினார்கள். மறுபடி எழுந்தார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வந்துடுவாரு" என்றார் வாசலில் நின்றபடி. "வந்தா யாரு சோறு போடறது? நீங்களா?"

பெயரை எடுக்கச் சொன்னால் அமைச்சகம் மறுத்தது. உயிரினத்தின் பெயர் இல்லாமல் எப்படிப் பாதுகாப்பது என்று கேட்டது. ஆனாலும் போன மாதம் அந்தப் பிரிவை மட்டும் மாற்றி எழுதி அனுப்பியது. எவரிஸ்டோ அதைப் புதிதாக மொழிபெயர்த்தான். இன்று வாசிக்கப்போவது அந்தப் பிரதி. பெயர் இதிலும் இருந்தாக வேண்டும். கிழவர் எழுந்துவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அறையில் ஏசியிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வந்திருந்த உறுப்பினர்கள் சரியாக நாலு பேர். மற்றவர்கள் ஓட்டுக் கேட்க ஊருக்குப் போய்விட்டார்கள். தலைவர் எர்மெலிண்டாவை எல்லாரும் லிண்டா அக்கா என்பார்கள். கடற்கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்து அரசியலுக்கு வந்தவர். மேசையைத் தட்டச் சுத்தியல் கொடுத்திருந்தார்கள். அவர் உள்ளங்கையால்தான் தட்டுவார். அவருக்கு வலப் பக்கம் முன்னாள் வாத்தியாரம்மா சுல்மீரா. இடப் பக்கம் இளைஞரான ரொசீட்டோ. வாசிப்பது அவர் வேலை. கதவுக்குப் பக்கத்தில், எழுந்து போக வசதியாக, அனக்லேத்து. எதிர் வரிசையில் எவரிஸ்டோவும் லிஸ்பனிலிருந்து வந்த சட்ட ஆலோசகர் பெர்னார்டோவும். பெர்னார்டோவுக்குத் தெத்துன் அரைகுறை. நடப்பதை அவர் காதில் போர்த்துகீசியத்தில் சொல்லிக்கொண்டே இருப்பதும் எவரிஸ்டோவின் வேலைதான்.

முப்பத்தாறு போனது. முப்பத்தேழு போனது. லிண்டா அக்கா கிழவரைப் பார்த்தார்.

"அண்ணே, கடைசித் தடவை கெஞ்சறேன். காதுல பஞ்சு வச்சுக்குங்களேன். நானே கொண்டாந்திருக்கேன்."

"பஞ்சு வச்சா எனக்குக் கேக்காது. அவருக்குக் கேக்குமே."

அனக்லேத்து வெற்றிலைப் பெட்டியை மூடினார். தோள் துண்டைச் சரிசெய்தார். இரண்டு கைகளையும் நாற்காலியில் ஊன்றிக்கொண்டார். எவரிஸ்டோ மேசையைப் பார்த்தான். ஒரு வருஷம் எழுந்து போகப் போகிறது என்று நினைத்தான்.

ரொசீட்டோ தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"பிரிவு முப்பத்தெட்டு. தாத்தாக்களைப் பிடிப்பதும், கூண்டில் அடைப்பதும், சங்கிலியால் கட்டி வேடிக்கை காட்டுவதும், தோலை உரித்து விற்பதும் குற்றமாகும்."



"என்ன சொன்னே? இன்னொரு தடவை வாசி" என்றார் லிண்டா அக்கா.

ரொசீட்டோ தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். வாசித்தார். அதேதான். அடுத்த உட்பிரிவுக்குப் போனார். "ஊருக்குள் வந்துவிட்ட தாத்தாவை, உரிமம் பெற்றவர்கள் மட்டுமே, காயம்படாமல் வாயைக் கட்டி, வேறொரு ஆற்றில் கொண்டுபோய் விடலாம்."

"எங்க வீட்டுல ஒருத்தரு இருக்காரு" என்றார் சுல்மீரா. "அந்த உரிமம் எந்த ஆபீஸ்ல குடுக்கறாங்க?"

"இருங்க டீச்சர், இன்னும் இருக்கு." ரொசீட்டோவின் குரல் ஆடியது. "மூன்றாம் உட்பிரிவு. தாத்தாவின் முட்டைகளை..." அதற்கு மேல் முடியவில்லை. தாளை மேசையில் கவிழ்த்து அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

லிண்டா அக்கா சிரிக்க ஆரம்பித்தால் மேசை அதிரும். அதிர்ந்தது. தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

எவரிஸ்டோவுக்குக் காது சூடாகியது. நத்தாலியா கிழக்குப் பக்கத்துக்காரி. கல்யாணமான முதல் வாரம் சாப்பாட்டுக்கு நடுவில் அவன் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டான். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "எங்க தாத்தாவைப் பேரு சொல்லிக் கூப்புடறியே, உங்க வீட்டுல மரியாதையே சொல்லித் தரலியா?" அன்று முழுக்கப் பேசவில்லை. அதன் பிறகு அவன் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. இப்போது கையிலும் வராமல் போயிருக்கிறது. பிழை திருத்துபவர்கள் இரண்டு பேர் படித்துக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் மட்டும் எப்படிப் படும்? அவர்கள் வீட்டிலும் அவர் தாத்தாதானே.

"என்ன ஆச்சு?" என்று பெர்னார்டோ கேட்டார். "ஏன் சிரிக்கிறார்கள்?"

எவரிஸ்டோ சொன்னான். பெர்னார்டோ கண்ணாடியைக் கழற்றினார்.

"இது சாதாரணப் பிழை இல்லை. இப்படியே நிறைவேறினால் இந்த நாட்டில் யாரும் தங்கள் தாத்தாவை வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. சரியான சொல்லைப் போட்டு மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்."

எவரிஸ்டோ எழுந்து நின்றான். "தப்பு என்னுதுதான் அக்கா. கை தவறிடுச்சு. இப்பவே மாத்திடறேன்." பேனாவை எடுத்து ரொசீட்டோவின் தாளை நோக்கிக் குனிந்தான்.

"பேனாவைக் கீழ வை."

சொன்னது அனக்லேத்து. அவர் எழுந்திருக்கவில்லை. அதை அப்போதுதான் எல்லாரும் கவனித்தார்கள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெற்றிலைப் பெட்டி மறுபடி திறந்திருந்தது.

"ரெண்டு மழைக்காலம் ஆச்சு" என்றார், பாக்கை வாயில் போட்டபடி. "இப்பத்தான் இந்தச் சட்டத்துக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு. இதுல எழுத்தை மாத்தினா நான் கதவைத் திறப்பேன்."

பெர்னார்டோ விடவில்லை. சட்டம் என்றால் ஐயத்துக்கு இடம் இருக்கக் கூடாது, நாளை ஒரு நீதிபதி இதைப் படித்து என்ன புரிந்துகொள்வார் என்றார். எவரிஸ்டோ அதைத் தெத்துனில் சொன்னான்.

"நீதிபதி என்ன சந்திரன்லேருந்தா வர்றாரு?" என்றார் அனக்லேத்து. "அவரும் ஆத்தைத் தாண்டித்தானே வீட்டுக்குப் போகணும்?"

"அப்படியானால் மூன்றாம் பிரிவில் சொற்பொருள் இருக்கிறது" என்றார் பெர்னார்டோ. "அங்கே 'தாத்தா' என்றால் என்ன என்று வரையறுத்துவிடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை."

லிண்டா அக்கா உள்ளங்கையால் மேசையைத் தட்டினார். "பாத்தியா, சாரே வழி சொல்லிட்டாரு. சொல்லுங்க எல்லாரும். தாத்தான்னா யாரு? பேரு மட்டும் வரக் கூடாது."

"நாலு காலு, ஒரு வாலு" என்றார் ரொசீட்டோ.

"பல்லி" என்றார் சுல்மீரா.

"பெரிய வாலு டீச்சர்."

"பெரிய பல்லி. தப்பு. அடுத்து."

"ஆத்து முகத்துல வெயில் காயறவரு."

"அது நீ. போன ஞாயித்துக்கிழமை பாத்தேன்."

"கேக்காம ஆட்டைத் தூக்கிட்டுப் போறவரு" என்றார் லிண்டா அக்கா.

"எங்க மாமனாரு" என்றார் சுல்மீரா.

எவரிஸ்டோ ஒவ்வொன்றையும் போர்த்துகீசியத்தில் சொன்னான். சட்ட மொழியில் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். உரிமையாளரின் முன்னனுமதியின்றிக் கால்நடைகளை அப்புறப்படுத்துபவர் என்றான். பெர்னார்டோ தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். உறுப்பினரின் கணவருடைய தந்தையும் இந்த வரையறைக்குள் வரக்கூடும் என்றான். பெர்னார்டோ அதையும் எழுதிவிட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

"நான் சொல்றேன் எழுதுங்க" என்றார் அனக்லேத்து. "தாத்தா நல்லவனைத் தொடமாட்டாரு. தப்பு செஞ்சவனைத்தான் கடிப்பாரு. இதை விடத் தெளிவா என்ன வேணும்?"

லிண்டா அக்கா இரண்டு கைகளையும் தூக்கினார். "வேணாம்ணே! இதைச் சட்டத்துல எழுதினா அப்புறம் நம்ம சபைல ஒருத்தரும் கடல்ல கால் நனைக்க முடியாது."

இப்படியே போனது. நேரமும் போனது. சிரித்துச் சிரித்துக் களைத்தார்களே தவிர வரையறை ஒரு அடி நகரவில்லை. சபைக் கட்டடத்தில் பிற்பகல் கூட்டத்துக்கு நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எவரிஸ்டோ அதைக் கேட்டான். இவர்கள் சிரித்துக்கொண்டே மசோதாவைக் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது.

பெர்னார்டோ அவன் பக்கம் சாய்ந்தார். "பின்னிணைப்பில் எல்லா உயிரினங்களுக்கும் லத்தீன் பெயர் இருக்கிறதே. அதைப் போட்டால் என்ன? அவரிடம் உரக்க ஒருமுறை சொல்லிக் கேளுங்கள்."

சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த லத்தீன் பெயருக்குள் பாதிப் போர்த்துகீசியப் பெயரே இருந்தது. அது எவரிஸ்டோவின் வாயிலிருந்து வந்து, கிழவர் எழுந்துவிட்டால், அத்தோடு முடிந்தது. சொல்லாமல் இருந்தாலும் முடிந்ததுதான். நாற்காலிச் சத்தம் நின்றுவிட்டது.

"பெரியப்பா" என்றான். அந்த அறையில் அவன் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "லத்தீன்ல ஒரு பேரு இருக்கு. சொல்லட்டுமா?"

அனக்லேத்து மெல்லுவதை நிறுத்தினார். "லத்தீனா? பூசையில சாமியாருங்க சொல்வாங்களே, அந்த லத்தீனா?"

"அதேதான்."

கிழவர் கூரையைப் பார்த்தார். "சொல்லு. ஒரே தடவை. மெதுவா."

எவரிஸ்டோ சொன்னான். "கிரோக்கோடீலுஸ் போரோசுஸ்."

அனக்லேத்து விரலை உயர்த்தினார். அவர் தலையைச் சாய்த்துக் கதவுப் பக்கம் காதைக் கொடுத்தார். எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். பெர்னார்டோவும் பார்த்தார். வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு விழுந்தது.

கதவு மெல்லத் திறந்தது.

ரொசீட்டோ அலறினார். சுல்மீரா நாற்காலிமேல் காலைத் தூக்கிக்கொண்டார். லிண்டா அக்கா அந்தோணியாரைக் கூப்பிட்டார்.

காப்பி கொடுக்கும் செலெஸ்தே, வறுத்த வாழைப்பழத் தட்டோடு வாசலில் நின்றாள். "ஏன் எல்லாரும் என்னைப் பாத்துக் கத்தறீங்க? நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல, உள்ள வாம்மா" என்றார் அனக்லேத்து. தட்டிலிருந்து முதல் துண்டை அவரே எடுத்தார். "இவ வந்தா. அவரு வரல. போர்த்துகீசியக்காரங்க நானூறு வருஷமா அவங்க பேரை வச்சுக் கூப்பிட்டுப் பாத்தாங்க, அதுக்கே அவரு திரும்பிப் பாக்கல. லத்தீனுக்கா வரப் போறாரு? பூசைக்கே போகாத ஆளு. எழுது தம்பி."

எழுதினான். 'தாத்தா' என்றால், பிறகு அந்த லத்தீன் பெயர். ஒரே வரி. பெர்னார்டோ படித்துப் பார்த்து, பல ஆண்டுகளில் தான் பார்த்த மிகத் தெளிவான சொற்பொருள் இதுதான் என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் அனக்லேத்து, வாயில் வாழைப்பழத்தோடு. "தாத்தாங்கற சொல்லுல முதல் எழுத்தைப் பெருசா போடுங்க. சாமி பேருக்கும் ஜனாதிபதிக்கும் போடற மாதிரி."

"இலக்கணப்படி சரி" என்றார் சுல்மீரா. "எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். நான் திருத்தித் தரேன்."

லிண்டா அக்கா மேசையைத் தட்டினார். முப்பத்தெட்டாம் பிரிவுக்கு ஆதரவாக நாலு கை உயர்ந்தன. அதில் ஒரு கையில் வாழைப்பழம் இருந்தது. அதன் பிறகு எந்தப் பிரிவும் நிற்கவில்லை. சதுப்புக்கு யாரும் சண்டை போடவில்லை. தேன்கூட்டுக்கு மட்டும் ரொசீட்டோ ஒரு கால்புள்ளி கேட்டார், கொடுத்தார்கள். கடைசிப் பிரிவு வந்தது. முழு மசோதாவுக்கும் கை தூக்கச் சொன்னார்கள். அனக்லேத்து இரண்டு கைகளையும் தூக்கினார். ஒன்று செல்லாது என்று சுல்மீரா இறக்கிவிட்டார்.

மசோதா குழுவில் நிறைவேறியது. எவரிஸ்டோ தாள்களை அடுக்கினான். ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தினான். மாமனாரிடம் நாள் குறிக்கச் சொல்லலாம் என்று தோன்றியது. அது தோன்றியதில் வலி எதுவும் இல்லை. அவனுக்கே அது கொஞ்சம் புதிதாக இருந்தது.

அப்போது பெர்னார்டோ அவன் சட்டைக் கையை இழுத்தார். முகத்தில் உண்மையான கவலை.

"ஒரு சந்தேகம். முட்டை பற்றிய மூன்றாம் உட்பிரிவு. 'தாத்தாவின் முட்டைகள்'. அங்கே தாத்தாவுக்கு மட்டும் பெரிய எழுத்தா, இல்லை, முட்டைக்கும் அந்த மரியாதை உண்டா? கேட்டுச் சொல்லுங்கள்."

எவரிஸ்டோ அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். "சார் என்ன கேக்கறாருன்னா" என்றான். "முட்டைக்கு" என்றான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மூக்கிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டான். மறுபடி "முட்டைக்கு" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வந்தது. அடுக்கிய தாள்கள் எல்லாம் தரையில் சரிந்தன. பெர்னார்டோ அவன் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே "கேள்வி நியாயமானதுதானே?" என்றார். அதைக் கேட்டு இன்னும் சிரித்தான். அறை முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அவனோடு சேர்ந்து சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். பிறகு லிண்டா அக்கா மேசையைத் தட்டினார்.

'மொழிபெயர்ப்புப் பிரிவின் ஒத்துழைப்புக்குத் தலைவர் நன்றி தெரிவித்துக் கூட்டத்தை முடித்துவைத்தார்' என்று நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. அதை எழுதியவன் எவரிஸ்டோ. லிண்டா அக்கா கடைசியாக உண்மையில் சொன்னது வேறு.

"அடப்பாவி, உனக்குப் பல்லெல்லாம் இருக்கா! ஒரு வருஷமா எதுத்தாப்புல உக்காந்திருக்கேன், இன்னிக்குத்தான்டா பாக்கறேன். வாயை மூடாதே. அப்படியே சாப்பிட வா."